மூன்று தடவையும் நூற்றுப் பத்து

போன வாரம் உங்களையெல்லாம் பார்க்க லேபுக்கு வந்திருந்தேன் அல்லவா, அப்போது உங்களில் ஒருத்தி டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ரிப்பீட் போட்டுப் பார்த்துட்டேன் சார், அதே வேல்யூதான் வருது, கரெக்ட்தான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். நீங்கள் என்னவோ வசந்தா அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. ரிட்டயர் ஆனவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்லுவார். ஆனால் அதே வாக்கியத்தை, அதே தெனாவட்டோடு, நானும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு மனுஷர் சாகப் பார்த்தார். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

டிப்ளமோவில் அக்யூரஸி, பிரிசிஷன் என்று இரண்டு வார்த்தைகளுக்கு வித்தியாசம் எழுதச் சொல்லுவார்கள். நானும் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் அளக்கிறோம் என்பது முதலாவது. திரும்பத் திரும்ப அளந்தால் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது இரண்டாவது. பரீட்சை முடிந்ததும் இரண்டையும் 'கரெக்ட்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். வேலைக்கு வந்து பத்து வருஷம் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. திறக்க அவசியமும் வரவில்லை, ஏனென்றால் என் கை அப்படிப்பட்ட கை. ஒரே ரத்தத்தை ஐந்து தடவை போட்டாலும் ஒரே எண் வரும். ஆரணியில் என்னைப்போல் பிப்பெட் பிடிக்க ஆள் இல்லை என்று நான் வேலை பார்த்த இடத்து டாக்டரே சொல்லியிருக்கிறார். அதை நான் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன், அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

அப்போது நான் வேலை பார்த்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பத்துப் படுக்கை, ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், மாடிப்படிக்குக் கீழே என் லேப். காலையில் ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் நெசவாளிகள். தறியில் உட்காருவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று அவசரம். "ஜல்தி எடுங்கம்மா, பாவு காத்துகினு கீது" என்பார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றி வைத்த நூல்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஏழுமலை. சேவூரிலிருந்து சைக்கிளில் வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும், பட்டுத்தறி, வாயே திறக்க மாட்டார். கூட வரும் அவர் மனைவி செல்விதான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஒரு வருஷமாகச் சர்க்கரை, தினம் காலையில் பாதி மாத்திரை, அதிலேயே கட்டுக்குள் இருந்தது. அன்றைக்கு நூற்று எண்பத்தாறு வந்தது.

"என்ன ஏழுமலை, கல்யாண வீட்டுல கேசரியா?" என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "கேசரியா? டீக்கே சக்கர போடறதில்லக்கா. ராத்திரிக்கு ரெண்டு தோச, அத்தோட சரி. பாருங்க, இடுப்புல வேட்டி நிக்கல ஆளுக்கு. சக்கர எறங்கிகினுதான் இருக்கும், ஏறாது."

"நீ சொன்னா ஆச்சா? மெஷின் சொல்லுதே."

"மெஷினு தப்பா சொல்லுதோ இன்னாவோ."

என் மெஷினைச் சொன்னால் என் குழந்தையைச் சொன்ன மாதிரி. அவள் கண்ணெதிரே அதே ரத்தத்தை இன்னும் இரண்டு தடவை போட்டேன். நூற்று எண்பத்தாறு, நூற்று எண்பத்தேழு. "பார்த்தியா?" என்றேன். ஏழுமலை அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார், விடு என்கிற மாதிரி. டாக்டர் என் எண்ணைப் பார்த்து மாத்திரையை முழுசாக்கினார். ஒரு வாரம் கழித்து நூற்று எழுபத்தெட்டு. போதாது என்று காலை ஒன்று, மாலை ஒன்று ஆக்கினார்.

இங்கே ஒன்றை வெட்கத்தோடு சொல்லுகிறேன். அந்தப் பத்து நாளில் ஏழுமலைக்கு மட்டும் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த பாதிப் பேருக்கு ஏறியிருந்தது. ஆரணிக்கே சர்க்கரை வந்துவிட்டது என்று நான் நர்சிடம் சொல்லிச் சிரித்தேன். ஆவணி மாசம், கல்யாண சீசன், தெருவுக்கு ஒரு பந்தல், இலையில் பாயசம் இல்லாத நாள் இல்லை, ஏறத்தானே செய்யும் என்று காரணத்தையும் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். எண்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றால், அவற்றுக்குக் காரணம் தேடிக்கொடுக்க நம் புத்தி எவ்வளவு ஆசையாக ஓடுகிறது பாருங்கள். மெஷின் பக்கம் மட்டும் அது ஓடவே இல்லை.

மாத்திரை கூட்டிய மூன்றாம் நாள், காலை பதினொரு மணி. வாசலில் ஆட்டோ நின்றது. ஏழுமலையை இரண்டு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். தறியில் உட்கார்ந்தபடியே நெய்த சேலை மேல் கவிழ்ந்துவிட்டாராம். கூப்பிட்டால் முனகுகிறார், கண் திறக்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

டாக்டருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், அப்படியானால் உடனே நரம்பில் குளுக்கோஸ் போட்டாகவேண்டும். இல்லையென்றால் மூளையில் அடைப்பு, அப்படியானால் குளுக்கோஸ் கெடுதல் செய்யும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வேலூருக்கு அனுப்பவேண்டும். வேலூர் ஒரு மணி நேரம். சர்க்கரை தாழ்ந்த ஆளை அப்படியே காரில் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டினால் போய்ச் சேரும்போது மூளை மிச்சம் இருக்குமா என்பதே சந்தேகம். எல்லாம் ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த எண்ணைச் சொல்லவேண்டியவள் நான்.

ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினேன். கை நடுங்கவில்லை. மூன்று தடவை போட்டேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பத்து, நூற்றுப் பத்து. ஒரு புள்ளி அசையவில்லை. அவ்வளவு அழகான ரிசல்ட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

வார்டுக்குத் திரும்பி வந்தால், நர்ஸ் விரலில் குத்திப் பார்க்கும் குட்டி மெஷினை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்திருந்தது. டாக்டருக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போனது, நான் அதைப் பொம்மை என்றுதான் சொல்லுவேன். பொம்மை நாற்பத்தேழு என்றது.

"சார், அதை நம்பாதீங்க. இன்னொரு தடவை குத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

அறுபத்திரண்டு. மறுபடி குத்தினாள். ஐம்பத்து மூன்று.

"பாருங்க சார். ஒரே ஆளு, ஒரே நேரம், மூணு பேச்சு பேசுது. நம்ம மெஷின் மூணு தடவையும் நூத்திப் பத்து. கரெக்ட்டா இருக்கு."

டாக்டர் என் முகத்தையே பார்த்தார். "நிச்சயமா, வசந்தா?"

"மூணு தடவை போட்டேன் சார்."

அவர் தலையாட்டிவிட்டு, காரை வாசலுக்கு வரச் சொன்னார். வேலூருக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார். நர்ஸ் போர்வை எடுக்கப் போனாள்.

செல்வி கட்டில் கால்மாட்டில் புருஷன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள், குரல் மட்டும் எங்கேயோ இருந்து வந்தது.

"மூணு வாட்டி பாத்தேன், மூணு வாட்டி பாத்தேன்னு சொல்லிகினே கீறீங்களேக்கா. போன வருசம் எங்கூட்ல இன்னா ஆச்சு தெரியுமா? பொடவ நீளம் அளக்கற கோலு, அத்தோட முனை நாலு வெரக்கடை ஒடிஞ்சி கீது. இவுரு பாக்கல. அந்தக் கோலாலயே அளந்து ஒரு பாவுல மூணு பொடவ நெய்ஞ்சாரு. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ஒரு நூலு வித்தியாசம் இல்ல. இவுருக்கு அவ்ளோ சந்தோசம். கடையில பிரிச்சா மூணுமே அர கெஜம் கொறைச்சலு. மூணும் ஒண்ணா இருந்துதுன்னு எவன்கா எடுத்துக்கினான்? கோலு ஒடிஞ்சா கை இன்னாக்கா பண்ணும்?"

எனக்கு இப்போதும் அந்த நிமிஷம் ஞாபகம் இருக்கிறது, வெளியே கார் ஹாரன் அடித்தது. நான் அதுவரை சீட்டில் இருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக ஏழுமலையைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. கை தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஒரு வருஷமாகக் கட்டுக்குள் இருந்த மனுஷர், இளைத்துப் போனவர், பத்து நாளில் மாத்திரை நாலு மடங்கு ஆகியிருக்கிறது. அந்தப் பொம்மை மூன்று பேச்சு பேசியது உண்மைதான். ஆனால் மூன்றுமே 'தாழ்ந்திருக்கிறது' என்ற ஒரே பக்கத்தில் நின்றுதான் பேசியது. தடுமாறிக்கொண்டு அது உண்மையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, என் மெஷின் கொஞ்சமும் தடுமாறாமல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

லேபுக்குப் போய்ச் சோதித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று ஒரு மனசு சொன்னது. சத்தியமாகச் சொல்லுகிறேன், அது எச்சரிக்கை இல்லை, மானம். ஆளைக் காரில் ஏற்றப் போகிறார்கள், எனக்கு என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம் வேண்டியிருந்தது.

"சார், என் நம்பரை விட்ருங்க" என்றேன். "என் மெஷின் தப்பு. குளுக்கோஸ் போடுங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். "இப்பத்தான் நிச்சயம்னு சொன்னே."

"ஆமா சார். ஒரே மாதிரி வருதுங்கறதுதான் நிச்சயம். சரியான்னு எனக்குத் தெரியாது."

அவர் சீட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஊசி ஏறியது. பாதி சிரிஞ்ச் போவதற்குள் ஏழுமலையின் விரல் அசைந்தது. முழுசும் போனபோது கண்ணைத் திறந்தார். கோணியிருந்த வாய் நேரானது. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாவு அறுந்துச்சா?" என்று கேட்டார்.

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது, பேசாம படு" என்று சொல்லி அவர் முழங்காலில் ஓர் அடி போட்டாள் செல்வி. அதுவரை அழாதவள் அப்புறம்தான் அழுதாள். நான் மாடிப்படிக்குக் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுதபடியே பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை பட்டால்தான் ரோஸாகவேண்டும், அதுவரை தண்ணீர் மாதிரி இருக்கவேண்டிய ரீஏஜெண்ட், தானாகவே லேசாக ரோஸ் நிறம் காட்டியது. பத்து நாளைக்கு முன்னால் ஃப்ரிட்ஜ் ஒரு முழுநாள் நின்று போயிருந்தது, அப்போதே கெட்டிருக்கிறது. காலைக் கூட்டத்தின் அவசரத்தில் ஜீரோ செட் செய்யும்போது அந்த ரீஏஜெண்டை வைக்காமல் வெறும் தண்ணீரை வைப்பது என் வழக்கம், எப்போதும் ஒன்றும் ஆனதில்லை. இப்போது ரத்தம் சேர்க்காமல் அந்த ரீஏஜெண்டை மட்டும் வைத்துப் பார்த்தேன், மெஷின் ஐம்பத்தாறு என்றது. அதனால் அந்த ரோஸ் நிறத்தையும் மெஷின் சர்க்கரை என்றே எண்ணி, வந்தவர் எல்லோர் தலையிலும் ஐம்பத்தாறைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கன்ட்ரோல், அதாவது உண்மையான அளவு முன்னமே தெரிந்த ஒரு சாம்பிள், போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ரிப்பீட் ஒத்துப் போகிறதே, கன்ட்ரோல் எதற்கு என்று பத்து நாளாக அதைத் தொடவே இல்லை. என் கை சுத்தம் அன்றைக்கு என்னை மோசம் செய்துவிட்டது, ஏனென்றால் தப்பைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கத்தக்கூடிய ஆள்தான். ஒரு தடவை தப்பான கட்டு போட்டதற்கு நர்சை ஊரே கேட்கும்படி கத்தியிருக்கிறார். அன்று கத்தவில்லை. "நீ சொன்னதை எழுதினது என் கை, வசந்தா. ஆளைப் பாக்காம சீட்டைப் பாத்தது நானும்தான்" என்றார். பிறகு, "பத்து நாள்ல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். நாற்பத்தோரு பேர்.

"போன் பண்ணிச் சொல்லிடறேன் சார்."

"போன்ல சொன்னா 'சரிங்க'ன்னு வெச்சுட்டு, கூட்டின மாத்திரையையே போட்டுக்கினு இருப்பாங்க. வீட்டுக்குப் போ. மாத்திரை அட்டையை வாங்கிப் பாத்துட்டு வா. வேலைய விடறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

மூன்று நாள் என் டிவிஎஸ்ஸில் சுற்றினேன். முள்ளிப்பட்டு, சேவூர், கோட்டைப் பக்கம், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு தெரு பாக்கியில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் சொன்ன நம்பர் தப்புங்க, மறுபடி ரத்தம் குடுக்கணும்" என்று சொல்லவேண்டும். முதல் வீட்டில் அதைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஒரு ரைஸ் மில் கணக்குப்பிள்ளை ஆனந்தத்தில் என் எதிரிலேயே வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், இன்னும் டெஸ்ட்கூட எடுக்கவில்லை ஐயா என்று கெஞ்சவேண்டியிருந்தது. ஒரு அம்மா தெருவைக் கூட்டி வைத்துத் திட்டினாள். "படிச்ச பொம்பளன்னு நம்பி கைய நீட்டனோமே" என்றாள். நான் தலையைக் குனிந்து நின்றேன், வேறு என்ன செய்ய. ஐந்து மாசக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, சர்க்கரை என்று நான் சொன்ன நாளிலிருந்து வாய்க்குப் பிடிக்காத கஞ்சியையே குடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. "அப்போ கொழந்தைக்கு ஒண்ணும் இல்லியாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எனக்குத் திட்டைவிடப் பெரிய தண்டனை.

உங்கள் மெஷின் இப்போது எல்லாவற்றையும் தானே செய்கிறது, தானே ரத்தத்தை உறிஞ்சி, தானே எண்ணை அச்சடிக்கிறது. என்னைவிட ஒழுங்கான கை அதற்கு. அதனால்தான் பயமாக இருக்கிறது. ரிப்பீட் ஒத்து வந்தால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. ஆனால் டாக்டர் "நிச்சயமா" என்று கேட்டால், எதில் நிச்சயம் என்று ஒரு நொடி உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் போட்டேனா, ஆளைப் பார்த்தேனா, கூட வந்தவர் சொன்னதைக் காதில் வாங்கினேனா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லுவது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் வேலையை விடவில்லை. ஒரு மாசம் கழித்து ஒரு காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தால், பெஞ்சில் முதல் ஆளாக ஏழுமலை உட்கார்ந்திருந்தார். செல்வி வரவில்லை, தனியாக வந்திருந்தார். எனக்கு முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அதற்குள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய லேப் ஒன்று திறந்திருந்தார்கள், ஏசி எல்லாம் போட்டு.

"அங்க போய் எடுத்திருக்கலாமேங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்து, கையை மேஜை மேல் நீட்டி வைத்தார். வாயே திறக்காத மனுஷர், அன்றைக்குத்தான் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"அவுங்களுது தப்பாப் போனா, என் வூட்டைத் தேடிகினு வந்து சொல்லுவாங்களான்னு தெரியலம்மா."

நான் ஊசியை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கை நடுங்கியது. "பரவால்ல, நிதானமா எடுங்க" என்று சொல்லிவிட்டு, அது நிற்கும்வரை அவர் கையை அசைக்காமல் வைத்திருந்தார்.